சீசன் டூட்டி

சாரல் விழுந்தால் தென்காசியில் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் வயிற்றெரிச்சல்.

நான் இங்குள்ள ஒரு பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தில் அலுவலகக் கண்காணிப்பாளர். பிஎச்.டி. மாணவர்கள், பட்டம் வாங்கிய பிறகும் ஆய்வைத் தொடரும் போஸ்ட் டாக்காரர்கள், இவர்களுடைய பதிவு, வருகை, அறிக்கை எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். வருஷம் முழுக்க எங்களை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று செய்தி வந்தால் போதும், எங்கெங்கோ இருக்கிற பேராசிரியர்களுக்கு எங்கள் மையத்தின் மேல் கரிசனம் பொத்துக்கொண்டு வரும். கருத்தரங்கு, ஆலோசனை, வாய்மொழித் தேர்வு, எல்லாமே சீசனில்தான் நடக்கும்.

வருகிறவர்களைக் கவனிக்கிற வேலைக்கு எங்கள் மையத்தில் சீசன் டூட்டி என்று பெயர். எந்த விதிப் புத்தகத்திலும் இல்லாத டூட்டி. ஆராய்ச்சி மாணவர்கள்தான் செய்ய வேண்டும். ரூம் பார்த்து வைப்பது, எண்ணெய் தேய்க்க ஆள் பிடிப்பது, அவர்கள் குளித்து முடிக்கும்வரை துண்டு, செல்போன், வாட்ச் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு நிற்பது. ஒரு பெரிய மனிதர் பல்செட்டையே கழற்றிக் கையில் கொடுத்திருக்கிறார். குளித்து வந்தால் சூடாக பஜ்ஜி, பிறகு கேரள பார்டர் கடையில் பரோட்டா, ஊருக்குக் கொண்டுபோக ரம்புட்டான்.

இதையெல்லாம் நான் பல வருஷம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்தப் பிள்ளை வரும்வரை.

வாசுதேவநல்லூர்க்காரி. அப்பாவுக்கு வயல் வேலை. அவளுடைய ஆய்வு அருவித் தண்ணீரில் பாறையை ஒட்டி வாழ்கிற சின்னஞ்சிறு புழுக்களைப் பற்றி. சீசனில் வருகிற கூட்டம் கொட்டுகிற எண்ணெயும் ஷாம்புவும் அந்தப் புழுக்களை என்ன செய்கின்றன என்பதுதான் கேள்வி. அதற்கு அவள் சீசன் முழுவதும் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஐந்தருவிக்குக் கீழே ஓடையில் இறங்கி, குறித்து வைத்த அதே கற்களில் மாதிரி எடுக்க வேண்டும். ஒரு வாரம் தவறினாலும் அந்த சீசனே வீண்.

விருந்தினர்கள் வருவதும் சனிக்கிழமைதானே. முதல் சீசனில் மூன்று சனிக்கிழமை, இரண்டாவதில் இரண்டு, அவளுடைய கைடு அவளை டூட்டிக்கு அனுப்பினார். அங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். பிள்ளைக்கு வருகை குறைந்துவிடக் கூடாதே என்று, அந்த ஐந்து நாட்களுக்கும் பதிவேட்டில் "களப்பணி, குற்றாலம்" என்று எழுதினேன். மாதக் கடைசியில் கைடும் அதன் கீழே கையெழுத்துப் போட்டார். நல்லது செய்துவிட்டதாக எனக்குப் பெருமை வேறு.

போன வருஷம் ஆய்வுக் குழு கூடியது. குழுத் தலைவி அந்தப் பதிவேட்டையும் அவளுடைய தரவுத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இந்த அஞ்சு நாளும் களப்பணிக்குப் போயிருக்கீங்க. ஒரு மாதிரிகூட எடுக்கல. அருவியில குளிச்சிட்டு இருந்தீங்களா?"

கைடு பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். கோப்புகளைத் தூக்கிக்கொண்டு போயிருந்த நானும் அதே அறையில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அந்தப் பிள்ளை என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். வரும் சீசனில் ஒரு வாரம்கூட விடாமல் தரவு வேண்டும், இல்லையென்றால் பதிவு ரத்து என்று குழு எழுதிவிட்டது. அவளுக்குக் கொடுத்த காலமும் இந்த வருஷத்தோடு முடிகிறது. அன்றைக்கு எனக்கு வந்த அவமானம் இன்னும் ஆறவில்லை.

இந்த வருஷம் சீசன் நன்றாகவே தொடங்கியது. மூன்று சனிக்கிழமை ஒழுங்காக எடுத்துவிட்டாள். நான்காவது வாரம், வியாழக்கிழமை, என் மேஜைக்கு வந்து நின்றாள்.

"யக்கா, சனிக்கிழம நாலு பேரு வாராவளாம். எப்படியும் நீ அங்கனதான இருப்ப, அவங்களையும் பாத்துக்கோன்னு சார் சொல்லுதாவ."

"ஏட்டி, மாட்டேன்னு சொன்னா?"

"முன்னேற்ற அறிக்கையில கையெழுத்து போட மாட்டாவளாம்."

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும், அது ஊருக்கே தெரியும். ஆனால் அன்றைக்குக் கத்தவில்லை. பழைய பதிவேடுகள் இரண்டையும் எடுத்தேன். சிவப்பு மையால் அந்த ஐந்து "களப்பணி"யையும் அடித்தேன். ஒவ்வொன்றுக்கும் மேலே "வழிகாட்டியின் விருந்தினருக்குத் துணை, ஐந்தருவி" என்று எழுதினேன். கடைசியில், "இவற்றை முன்பு தவறாகப் பதிந்தது நானே" என்று குறித்து, கையெழுத்தும் தேதியும் போட்டேன். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து என் பதிவேட்டில் ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது.

கைடின் அறைக்குப் போய் அவர் முன்னால் விரித்து வைத்தேன். படித்ததும் அவர் முகம் சிவந்துவிட்டது.

"இதை வெளிய யாராவது பாத்தா உங்க வேலைக்குத்தான்மா ஆபத்து. எழுதுனது நீங்க."

"ஆமா சார், நான்தான் எழுதுனேன். அதையும் கீழ எழுதியிருக்கேன், பாருங்க."

"இப்ப உங்களுக்கு என்னதான் வேணும்?"

"சனிக்கிழம அந்தப் பிள்ள வரணும்னா ஒரு வரி எழுத்துல குடுங்க சார். நாலு பேரு துண்டப் பிடிக்க வரணும்னு போட்டு, ஒரு கையெழுத்தும் போட்டுக் குடுங்க. நானே ஃபைல்ல வச்சு அனுப்புதேன்."

அவர் எழுதவில்லை. வெளியே போகச் சொன்னார், போனேன்.

அடுத்து அவர் டூட்டிக்குக் கூப்பிட்டது எங்கள் போஸ்ட் டாக் தம்பியை. செங்கோட்டைக்காரர், சீசனில் கைடின் விருந்தினருக்கு இன்னோவா ஓட்டுவதே அவர் வேலை. வருஷா வருஷம் அவருடைய வேலை நீட்டிப்புக்குக் கையெழுத்துப் போடுவதும் இதே பேராசிரியர்தான். அந்தத் தம்பி வாயே திறக்க மாட்டார். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்னிடம் வந்து ஒரு லீவு விண்ணப்பத்தை நீட்டினார். காரணம் என்ற இடத்தில், "சனிக்கிழமை சக ஆய்வாளருக்கு ஓடையில் உதவி" என்று எழுதியிருந்தார். சொந்த வேலை என்று போட்டிருக்கலாமே என்று கேட்டேன்.

"உங்க பதிவேட்டப் பாத்தேன்க்கா" என்றார்.

சனிக்கிழமை விடிந்ததும் நானும் குத்துக்கல்வலசையிலிருந்து பஸ் பிடித்துப் போனேன். ஓடையில் முழங்கால் தண்ணீரில் நின்று அவள் கல்லைத் தூரிகையால் தேய்க்க, தம்பி வலையைப் பிடிக்க, நான் கரையில் உட்கார்ந்து புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டினேன். கடைசிக் கல்லுக்கு வந்தபோது மேலே அருவிப் பக்கம் பார்த்தேன். கூட்டத்துக்கு நடுவில் எங்கள் பேராசிரியர் நின்றார். தோளில் நாலு துண்டு, ஒரு கையில் செல்போன்கள், இன்னொரு கையில் யாருடையதோ செருப்பு. அவரும் எங்களைப் பார்த்துவிட்டார்.

"குட் மார்னிங் சார்!" என்று அவள் கீழேயிருந்து சத்தமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு மறுபடியும் கல்லுக்குக் குனிந்தாள்.

சீசன் முடியும்வரை ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை. அறிக்கையில் கைடு கையெழுத்துப் போட்டார். போடாமல் இருந்தால் ஏன் என்று எழுத வேண்டி வந்திருக்கும். குழு கூடியபோது தலைவி பழைய ஐந்து நாட்களைப் பற்றித் திரும்பவும் கேட்டார். இந்தத் தடவை அவள் தலை குனியவில்லை.

"சாரோட கெஸ்ட்டுங்களுக்குத் துண்டு பிடிச்சிட்டு நின்னேன் மேடம்."

நான் பதிவேட்டைத் திறந்து மேஜை மேல் வைத்தேன். குழு அவளுடைய தரவை ஏற்றுக்கொண்டது. ஆய்வேட்டை எழுதத் தொடங்கிவிட்டாள்.

மறுவாரம் பல்கலைக்கழகத்திலிருந்து எனக்கு மெமோ வந்தது. பதிவேட்டில் பொய்யாகப் பதிந்ததற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது, விளக்கம் தரவும் என்று இருந்தது. என்ன நடவடிக்கை வரும் என்று இன்னும் தெரியவில்லை. வரட்டும். மன்னிப்புக் கேட்டு எழுதிவிடுங்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். நான் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்:

"தவறு என்னுடையது. இரண்டு சீசன் பொய் எழுதினேன், அப்போது யாரும் என்னிடம் விளக்கம் கேட்கவில்லை. உண்மையை எழுதிய பிறகுதான் இந்த மெமோ வந்திருக்கிறது."