சாஆவில் போர்த்திய பொன்னாடை

அந்த மனுஷன் பொறாமையில் பொய் சொல்கிறான் என்று ஒரு மாலை முழுக்க நம்பினேன். நம்ப சுகமாகத்தான் இருந்தது.

ஜோகூர் பாருவில் ஒரே பல்கலைக்கழகத்தில் நாங்கள் இருவரும் வானியற்பியலாளர்கள். அடுத்தடுத்த அறை. அவர் சிலோன்காரக் குடும்பம், மூன்று தலைமுறை அரசாங்க உத்தியோகம். நான் செம்பனைத் தோட்டத்துப் பிள்ளை. என் தமிழைக் கேட்டாலே அவருக்குப் பல் கூசும். அவரைக் கண்டாலே நான் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொள்வேன், மறுமுனையில் யாருமே இல்லாமல்.

எனக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரு நட்சத்திரம். அது விட்டுவிட்டு மங்குகிறது என்று எழுதினேன். மங்குகிறதா என்று அறிய, பக்கத்தில் மாறாத நட்சத்திரம் ஒன்றை வைத்து ஒப்பிட்டு அளப்போம். நானும் பளிச்சென்று ஒன்றைப் பிடித்து வைத்திருந்தேன். கட்டுரை வெளியானது. பேராசிரியர் பதவிக்கு என் பெயர் மேலே போனது. பிறந்த ஊரான சாஆவில் பாராட்டு விழா வைத்தார்கள்.

பொன்னாடை போர்த்த, கூட வேலை செய்கிறவர் என்று அந்த அடுத்த அறைக்காரரையே கூப்பிட்டுவிட்டார்கள். மேடையில் என் கழுத்தைச் சுற்றித் துணியை இறுக்கிக்கொண்டே காதில் சொன்னார்:

"உம்மட நட்சத்திரம் மங்கேல்லை. அளக்கப் பக்கத்தில ஒண்டு வச்சீரே, அதுதான் கூடிக் குறையுது. சஞ்சிகைக்கு எழுதி அனுப்பிப்போட்டன்."

"இத சொல்ல வேற எடமே கெடைக்கலையா?"

"ஆபீசில நீர் எப்பவும் போனிலயெல்லோ நிப்பீர்."

கேமரா மின்னியது. படத்தில் இருவரும் அண்ணன் தம்பி மாதிரி சிரிக்கிறோம்.

நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். மயங்கி விழலாமா? இடப்பக்கம் குத்துவிளக்கு, வலப்பக்கம் விழாத் தலைவர் மடி. இரண்டும் சூடு. அதற்குள் ஒலிபெருக்கி, "வானத்தையே அளந்த நம்ம தோட்டத்துப் பிள்ளை இப்ப பேசுவாரு!" என்றது. எழுந்து போய் ஜோகூரின் மேகங்களைப் பற்றிப் பேசினேன். மழைக்காலம், புகைமூட்டம், எல்லாம் சொன்னேன். கைதட்டினார்கள், பாவம்.

திரும்பும் வழியில் மனைவி கேட்டாள்: "ஏங்க, மேகத்துக்கா பொன்னாடை போத்துனாங்க?"

விஷயத்தைச் சொன்னேன். "அந்தாளுக்குப் பொறாமை. பொய் சொல்றான்."

"பொய்யின்னா ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு? கார்ல ஏர்கோன் ஓடுது லா."

ஏர்கோனை இன்னும் கூட்டிவிட்டு ஓட்டினேன். நெடுஞ்சாலையில் செடெனாக் ஊர் வருவதற்குள் மனசுக்குள்ளேயே அவரை விசாரித்து, வேலையிலிருந்து தூக்கி, அவர் அறையையும் என் அறையோடு சேர்த்து இடித்துக் கட்டிவிட்டேன்.

மறுநாள் கட்டுரைக்கு அளந்த அதே தொலைநோக்கிப் படங்களை எடுத்து, மங்கலான வேறு நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு அளந்தேன். என் நட்சத்திரம் கல் மாதிரி இருந்தது. மாறாது என்று நான் வைத்ததுதான் மாறியது. அது பளிச்சிட்டபோதெல்லாம் என்னுடையது மங்கியதுபோல் தெரிந்திருக்கிறது.

கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். அவருடையது வெளியானது. பேராசிரியர் பதவியும் அவருக்கே போனது.