வெள்ளைப் புலியைப் பார்க்காத மகள்

இணையத்தில் எதை வாங்குவதானாலும் முதலில் ஒற்றை நட்சத்திரம் போட்டவர்களின் கருத்துகளைப் படிக்க வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். புகழ்கிறவனுக்கு ஆயிரம் காரணம் இருக்கும், திட்டுகிறவன்தான் நிஜமாகவே வாங்கியவன் என்பார். அஸ்தினாபுரம் வீட்டு மிக்ஸி, மின்விசிறி, அம்மாவின் குக்கர் எல்லாம் அந்தப் பரீட்சையில் தேறி உள்ளே வந்தவை.

நான்காம் வகுப்பு விடுமுறையில் நான் கேட்டது ஒரு படக் கையேடு. எனக்குப் பிடித்த காமிக்ஸ் சூப்பர் ஹீரோவைப் பற்றியது. அவன் உடையின் ஒவ்வொரு அடுக்கும், ரகசிய இருப்பிடத்தின் குறுக்குவெட்டுத் தோற்றமும் அம்புக்குறி போட்டு விளக்கப்பட்டிருக்கும். கதையைவிட எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

அப்பா கணினி முன் உட்கார்ந்தார். பெட்டி நசுங்கி வந்ததென்று ஒருவர் ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தார். இன்னொருவருக்கு ஹீரோவின் மேலங்கி சரியான சிவப்பில் இல்லை. மூன்றாமவர், படம்தான் இருக்கிறது, கதையே இல்லை என்று எழுதியிருந்தார். அப்பா அந்த வரியைத் தாண்டவில்லை.

"கதையே இல்லாத புக்குக்கு எதுக்குமா இவ்ளோ விலை?"

ஐந்து நட்சத்திரம் போட்ட ஒருவரைக் காட்டினேன். இன்னும் பிரிக்கவில்லை, பேக்கிங் அருமை என்று அவர் எழுதியிருந்தார். என் வழக்கு அத்தோடு தள்ளுபடி.

ஞாயிற்றுக்கிழமை பம்மலிலிருந்து வந்த சித்தப்பாவிடம் முறையிட்டேன். அவர் வீட்டில் குழந்தைகள் கிடையாது. அங்கே டிவி ரிமோட்டுக்குப் போட்டியே இல்லை என்பதால் விடுமுறையில் பாதி நாள் நான் அங்கேதான் இருப்பேன். அண்ணன் வேண்டாமென்றதை வாங்கித் தருகிற பழக்கம் சித்தப்பாவுக்கு இல்லை. கொஞ்சம் யோசித்தவர், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"புதன்கிழமை அப்பாவ இன்னொரு தடவ பாக்கச் சொல்லு."

புதன்கிழமை ஆங்கிலக் கருத்துகளுக்கு நடுவே தமிழில் புதிதாக ஒன்று இருந்தது. ஐந்து நட்சத்திரம். அப்பா வாய்விட்டுப் படித்தார்.

"என் மகளுக்கு வாங்கிக் கொடுத்தேன். வண்டலூர் ஜூவுக்குக் கூட்டிப் போனபோதும் கீழே வைக்கவில்லை. வெள்ளைப் புலியைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அறிவான குழந்தைகளுக்கு ஏற்ற புத்தகம்."

அந்த மாதம் சித்தப்பாவோடு வண்டலூர் போனது நான். அன்று என் கையில் இருந்தது வேர்க்கடலைப் பொட்டலம். புத்தகம் கைநழுவிப் போய்விடுமே என்று தோன்றுவதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"அப்பா, இது சித்தப்பா எழுதினது. எல்லாம் பொய். அவர் புக்கே வாங்கல. நான் புலிய நல்லாதான் பாத்தேன். அவருக்குப் பொண்ணே கிடையாது."

சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். அப்பா அந்த வரிகளை மறுபடி ஒருமுறை வாய்க்குள்ளேயே படித்தார். பிறகு, விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், ஆர்டர் போட்டார்.

"பம்மல் அட்ரஸுக்கே போட்டுட்டேன். சித்தப்பா கையாலயே வாங்கிக்கோ."

பொய் என்று தெரிந்த பிறகு ஏன் வாங்கினார் என்பது எனக்குப் பிடிபடவில்லை. புத்தகத்தை வாங்கிக்கொள்ளப் பம்மலுக்குப் போன ஷேர் ஆட்டோவில் விரல் மடக்கி எண்ணிக்கொண்டே போனேன். வாங்கிக் கொடுத்ததாகச் சொன்னது ஒரு பொய். புலி ஒரு பொய். மகள் ஒரு பொய். அந்த வயதில் மூன்றையும் ஒரே வரிசையில்தான் வைத்திருந்தேன்.