பாதியில் நிற்கும் ஷட்டர்

எங்கள் பருத்திக்கொட்டை, புண்ணாக்குக் கடையின் ஷட்டரை நான்தான் தூக்குவேன். என் வீட்டுக்காரர் இருந்த காலத்திலும் அப்படித்தான். இடுப்பு உயரத்துக்குத் தூக்கி நிறுத்தி, குனிந்து உள்ளே போய், சாமி படத்துக்கு விளக்கேற்றிய பிறகே முழுசாகத் திறப்பேன். அதற்கு முன்னால் வேறு யாரும் உள்ளே கால் வைக்கக்கூடாது.

போன பங்குனியில் ஷட்டர் கனத்துப்போனது. பாதியில் நிற்காமல் தானாக இறங்கியது. ஒருநாள் குனிந்த என் முதுகிலேயே வந்து உட்கார்ந்தது. மகன் பார்த்துவிட்டான்.

"எம்மா, சாவியக் கொடுங்க. இனி நான் தொறந்துக்கிடுதேன். நீங்க வீட்டுல இருங்க."

"ஷட்டருக்குச் சீக்கு வந்தா நான் எதுக்குல வீட்டுல படுக்கணும்?" என்றேன். சாவி என் இடுப்பிலேயே இருந்தது.

ஃபிட்டரை வரச் சொன்னேன். அவர் ஏணி போட்டு ஏறிப் பார்த்தார். உள்ளே ஷட்டரின் பாரத்தைத் தாங்கும் கம்பி ஸ்பிரிங் தளர்ந்து கிடந்தது.

"கம்பி அத்துச்சுன்னா மொத்தமா அத்துரும், ஆச்சி. பட்டை ஸ்பிரிங்குன்னா தனித்தனி டப்பாவுல பாயச் சுருட்டுன மாதிரி இருக்கும். ஒண்ணு போனாலும் மத்தது தாங்கும்."

பட்டையே போடச் சொன்னேன். போட்டு, நன்றாக முறுக்கிவிட்டார்.

"ஒத்த வெரலால தூக்குங்க, ஆச்சி."

தூக்கினேன். கையைவிட்டுத் தடதடவென்று மேலே ஓடிப்போனது. வாசலில் கொட்டை பொறுக்கிய ஆடு தெருவைத் தாண்டி ஓடியது. சரி, இறக்கலாம் என்று கொக்கிக் கம்பியைப் போட்டு இழுத்தால் என் பாரம் முழுவதும் தொங்கியும் அசையவில்லை. மகன் சிரித்தான்.

"தூக்க நான் இருக்கேன். எறக்க யாரு வருவா, தம்பி?" என்று ஃபிட்டரிடம் கேட்டேன்.

"எல்லாரும் லேசாத்தான் ஆச்சி கேக்காவ."

"எனக்கு லேசா வேண்டாம். இங்கன நிக்கணும்" என்று என் இடுப்பைத் தொட்டுக் காட்டினேன்.

முறுக்கைத் தளர்த்தினார். முழங்காலுக்கு இறங்கியது. கொஞ்சம் முறுக்கேற்றினார்; நெஞ்சுக்குப் போனது. காபி வாங்கிக் கொடுத்தேன். பொழுது சாயும்போது ஒருவழியாக இடுப்பில் நின்றது. இரண்டு கையையும் எடுத்துவிட்டேன். விழும் விழும் என்று மகன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

மறுநாள் காலையில் தூக்கும்போது கொஞ்சம் கனம்தான். ஆனால் நிறுத்திய இடத்தில் நின்றது. உள்ளே போய்த் திரியைத் திருத்தினேன். ஷட்டருக்குக் கீழே மகனின் செருப்புக்கால் தெரிந்தது.

"எம்மா, நான் தூக்கிவிடவா?"

"அங்கனயே நில்லுல. இன்னும் தீக்குச்சி ஒரசல."

நின்றான்.