ஆபீஸ் தாளின் பின்பக்கத்தில் எழுதிய கடிதம்

பிரிக்பீல்ட்ஸ் ரயில் யார்டில் பெட்டிகளைக் கோத்துவிடுவது அப்போது என் வேலை. இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் குனிந்து சங்கிலியை மாட்டி, பிரேக் குழாயை இணைக்க வேண்டும். ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் நான்காவது வரை படித்தவன் நான். ஆபீசில் அது யாருக்கும் தெரியாமல் இருந்தது. வேலையில் சேர்ந்த அன்று எனக்கு முன்னால் நின்றவர் டூட்டிப் புத்தகத்தில் கைநாட்டு வைத்தார். ஆபீஸ் குமாஸ்தா, நாங்கள் கிராணி என்போம், மைப்பெட்டியை அப்படியே என் பக்கம் தள்ளினார். பேனா கேட்கக் கூச்சமாக இருந்தது. நானும் கட்டைவிரலை வைத்தேன். அதற்குப் பிறகு பதினோரு வருடம் தினமும் கட்டைவிரல்தான்.

அப்போது ஒரு தமிழ்ப் பத்திரிகையில் வாராவாரம் இயந்திரங்களைப் பற்றிக் கட்டுரை வரும். ரேடியோ, ஆகாய விமானம், பேசும் படம் என்று ஏதாவது இருக்கும். முடிவெட்டும் கடையில் ஒருவர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கேட்போம். ஒரு வாரம் ரயில் பிரேக்கைப் பற்றி வந்தது. நடை அழகாக இருந்தது. ஆனால் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்தால் பிரேக் பிடிக்கும் என்று போட்டிருந்தார்கள். விஷயம் நேர் எதிர். வெளிக்காற்று குழாய்க்குள் புகுந்தால்தான் பிடிக்கும். காற்றை உறிஞ்சிவிட்டால் பெட்டி நகராது என்று நம்பி ஒரு புது ஆள் பெட்டிகளுக்கு நடுவில் குனிந்தால் எழுந்து வர மாட்டான்.

இரண்டு நாள் யோசித்துவிட்டுப் பத்திரிகைக்கு எழுதினேன். ‘கட்டுரை படிக்க இனிமையாக இருந்தது. எழுதியவர் ஒரு நாள் யார்டுக்கு வந்து பார்த்திருந்தால் சரியாகவும் இருந்திருக்கும்’ என்று முடித்தேன். பெயர் போடவில்லை. வீட்டில் வெள்ளைத்தாள் இல்லாததால், யார்டு கொட்டகையில் கிடந்த ஆபீஸ் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருந்தேன்.

அடுத்த வாரம் அதே கடையில் என் கடிதத்தைப் படித்தார்கள். நான் கழுத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தேன். கடிதத்துக்குக் கீழே ஆசிரியர் ஒரு குறிப்பும் சேர்த்திருந்தார். கடிதம் ரயில் ஆபீஸ் தாளில் வந்திருப்பதால் விஷயம் தெரிந்தவர் எழுதியது என்று நம்பிப் பிரசுரிக்கிறாராம்.

“நம்ம யார்டு ஆளுதான். செத்தான்,” என்றார் முடிவெட்டுபவர்.

“சர்க்கார் தாளுல்ல. கிராணி கண்ணுல பட்டா ரயில்வே குடுத்த வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவாரு,” என்றார் பத்திரிகை படித்தவர்.

“அண்ணே, ஆடாதீங்க லா. கத்தி காதுகிட்ட இருக்கு. உங்களுக்கு என்ன பயம்? நீங்கதான் கைநாட்டாச்சே,” என்றார் முடிவெட்டுபவர் என்னிடம்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கடிதம் கிராணி கண்ணில் பட்டுவிட்டது. தமிழில் கையெழுத்துப் போடுகிறவர்களை மட்டும் கூப்பிட்டு விசாரித்தார். கடைசியில் சந்தேகம், என்னோடு சேர்ந்து குழாய் மாட்டும் கூட்டாளி மேல் விழுந்தது. அவனுக்கு நான்கு பிள்ளைகள். வெள்ளிக்கிழமைக்குள் ஒத்துக்கொள்ளாவிட்டால் வேலையும் வீடும் போய்விடும் என்று சொல்லிவிட்டார்.

“நான் எழுதல அண்ணே. நான் எழுதியிருந்தா இவ்வளவு மரியாதையா எழுதியிருப்பேனா?” என்றான்.

அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எனக்கும் அதே வரிசையில்தான் வீடு; ஒத்துக்கொண்டால் அது போய்விடும். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. “வயிறு சரியில்லையா?” என்று மனைவி கேட்டாள். ஆமாம் என்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில் கிராணி வழக்கம்போல மைப்பெட்டியைத் தள்ளினார்.

“பேனா குடுங்கய்யா.”

“எதுக்கு?”

மேசையிலிருந்த பேனாவை நானே எடுத்து என் பெயரை எழுதினேன். கை நடுங்கியதில் மை சிந்தியது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“எத்தனை வருசமா ஏமாத்துற?”

“ஏமாத்தலய்யா. அன்னைக்குப் பேனா கேக்க வெக்கமா இருந்துச்சு. கடுதாசி நான் எழுதினதுதான். அவனை விட்டுடுங்க.”

கூட்டாளியை விட்டுவிட்டார்கள். என்னையும் வேலையிலிருந்து நீக்கவில்லை. சாலாக் செலாத்தான் என்ற ஊரின் ரயில் கேட்டுக்கு மாற்றிவிட்டார்கள். பத்து நாளில் வீட்டைக் காலி செய்தோம். சட்டி பானையை மாட்டுவண்டியில் ஏற்றியது அந்தக் கூட்டாளிதான். அன்று அவன் கேலி பேசவில்லை.

இங்கே கேட் கொட்டகையில் டூட்டிப் புத்தகத்தோடு ஒரு பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். தினமும் கையெழுத்துப் போடுகிறேன். இன்னமும் முதல் எழுத்து நடுங்கித்தான் வருகிறது.