முதலில் மூடி, பிறகு எண்ணெய்

எங்கள் அப்பா பட்டாளத்தில் இருந்தார். அவர் லீவில் ராஜபாளையம் வந்துவிட்டால் அம்மாவுக்கு அடுப்படியிலிருந்து விடுதலை. அவள் பாட்டுக்கு மில்லுக்கு ஷிப்டு போய்வருவாள். சோறு, குழம்பெல்லாம் அப்பாவும் நானும் தம்பியும்தான். எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஐந்து.

அப்பாவுக்குப் பட்டாளத்தில் சமையல் வேலை. அது அம்மாவைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வீட்டில் அவர் துப்பாக்கியோடு நிற்கும் படம் ஒன்று மாட்டியிருந்தது. சமையல்காரருக்கும் துப்பாக்கிப் பயிற்சி உண்டாம், ஆகவே படம் பொய்யில்லை. அதைப் பார்த்து ஊர் தானாக ஒரு கதை கட்டிக்கொண்டது. அப்பா மறுத்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான். எல்லையில் அவர் எத்தனை பேரைச் சுட்டார் என்று நான் பள்ளிக்கூடத்தில் அளந்துவிட்டது வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போனது.

அடுப்படியில் அவர் வைத்ததுதான் சட்டம். தலைமுடியை இறுக்கி முடிய வேண்டும். தரைவரை தொங்கும் பாவாடை ஆகாது. பெரியவர் ஒருவர் இல்லாமல் அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது. சட்டியின் கைப்பிடி சுவர்ப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். சூடானதைத் தூக்கினால், "சூடு வருது" என்று சொல்லிக்கொண்டே நடக்க வேண்டும். தம்பிக்குத் தரையில் சாக்பீஸ் கோடு. அவன் அதற்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பட்டாணி உரிக்கலாம், தின்னலாம், தாண்டக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைக்குமுன் அதற்குப் பொருந்துகிற மூடியைக் கைக்கு எட்டும்படி எடுத்து வைத்துவிட வேண்டும். எண்ணெய் தீப்பிடித்தால் அடுப்பை அணை, மூடு, திறந்து பார்க்காதே. வாய்ப்பாடு போல தினமும் ஒப்பிக்கச் சொல்வார்.

"தண்ணி ஊத்துனா என்னப்பா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எண்ணெ பொங்கிப் பறக்கும். தீயையும் கூடக் கூட்டிட்டுப் பறக்கும்" என்றார். அவர் அங்கே குண்டு வெடிக்கும் இடத்தில் படித்த பாடம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் ஆடிப்பூரத்துக்கு வத்திராயிருப்பிலிருந்து அத்தையும் மாமாவும் வந்திருந்தார்கள். அத்தை அப்பாவுக்கு மூத்தவள். எல்லாரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்த் தேர் பார்த்துவிட்டு மத்தியானம் வீடு திரும்பினோம். அப்பா வாழை இலை வாங்கக் கடைக்குப் போனார். அப்பளம் பொரிக்க அத்தை எண்ணெய்ச் சட்டியை ஏற்றினாள். நான் சட்டப்படி மூடியை எடுத்து வைத்தேன். "இது எதுக்குட்டி?" என்று சிரித்தாள்.

எண்ணெய் காய்வதற்குள், தான் வடம் தொட்ட கதையைச் சொல்ல முன்னறைக்குப் போனவள் போனவள்தான். எண்ணெயில் புகை வந்தது. நான் கூப்பிட்டேன். அவள் வந்து பார்க்கும்போது சட்டிக்கு மேலே தீ நின்றது. அத்தை அலறிக்கொண்டு தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாள்.

"தண்ணி ஊத்தாதீய அத்தை" என்று கத்தியபடி அடுப்பை அணைத்தேன். மூடியின் பிடியைப் பிடித்துப் பக்கவாட்டிலிருந்து சட்டியின்மேல் தள்ளினேன். தீ அடங்கிவிட்டது. அந்த நிமிஷத்தில் என்னைவிடப் பெரிய ஆள் ராஜபாளையத்தில் இல்லை. தம்பி கோட்டைத் தாண்டவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும்.

அப்பா இலைக்கட்டோடு உள்ளே வந்ததும் அத்தை அவர்மேல் பாய்ந்தாள். பயந்துபோனவர்களுக்குத் திட்ட ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

"ஏலே, பொம்பளப் பிள்ள மூஞ்சில தீ பட்டிருந்தா என்னலே செய்வ? இத எதுக்கு அடுப்படிக்குள்ள விட்டுருக்க? துப்பாக்கி தூக்குறவனுக்கு அடுப்படிய பத்தி என்ன தெரியும்? இனிமே இவ உள்ள வரக் கூடாது, ஆமா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. செய்ததெல்லாம் குற்றம் என்று ஆகிவிட்டதே. அப்பா என்னைப் பார்த்தார். பிறகு இலைக்கட்டைக் கீழே வைத்தார்.

"அக்கா, நான் அங்க துப்பாக்கி தூக்கல. சமையல்காரன். நூத்தம்பது பேருக்குச் சோறு ஆக்குறேன். அவளுக்குச் சொல்லிக் குடுத்தது என் தொழிலு. அவ சரியாத்தான் செஞ்சிருக்கா."

அத்தை இலைக்கட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். மாமா சுவரில் இருந்த படத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் கை கழுவப் போனார். அம்மா மட்டும் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு விஷயம் உடனே விளங்கிவிட்டது. நான் ஏச்சு வாங்கக் கூடாது என்று அப்பா ஒரு பொய் சொல்லியிருக்கிறார். எனக்காகத் தன்னையே குறைத்துச் சொல்லிக்கொண்ட அப்பாவை நினைத்து நெஞ்சு நிறைந்தது. பதிலுக்கு நான் ஏதாவது செய்ய வேண்டாமா? சாப்பிட்டதும் தம்பியைக் கூட்டிக்கொண்டு தெருவில் ஐந்து வீடு ஏறி இறங்கினேன்.

"எங்கப்பா சமையல்காரர்னு யாராச்சும் சொன்னா நம்பாதீய. அது எனக்காகச் சொன்ன பொய்யி. அவிய துப்பாக்கிதான் வச்சிருக்காவ."

அதுவரை அந்த வீடுகளில் யாரும் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதுகூட இல்லை.

திரும்பி வந்தபோது அப்பா வாசலில் நின்றார். கடைசி வீட்டில் நான் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது.

"எல்லா வீட்லயும் சொல்லியாச்சா?" என்றார்.

"சொல்லியாச்சுப்பா."

"நல்லது" என்றார். என் தலைமுடி அவிழ்ந்திருந்தது, அதை முடிந்துவிட்டார்.

எத்தனையோ வருஷம் தொண்டைக்குள்ளேயே வைத்திருந்ததை எனக்காக ஒரே மூச்சில் சொன்ன மனிதர் அவர். அதை வீடு வீடாகப் போய்ப் பொய்யாக்கிவிட்டு, அவரைக் காப்பாற்றிவிட்ட பெருமையில் நான் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தேன்.