திரும்பும் வழி வைத்துக்கொள்ளாதவர்

சந்தை நாளன்று செய்தி வந்தது. கன்டோன்மென்ட் பக்கத்துப் பிளாக்பள்ளியிலிருந்து எங்கள் அத்திபெலே சந்தைக்குத் துணிமூட்டை கொண்டுவரும் உசேன் பாய், எப்போதும் என் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கடை விரிக்கப் போவார். அன்று தெருவின் எதிர்ப்பக்கத்திலேயே வண்டியை நிறுத்திவிட்டார். மூக்கும் வாயும் மறையத் துண்டு கட்டியிருந்தார். அதை விலக்காமலே உரக்கச் சொன்னார்.

"டீச்சரம்மா, கிட்ட வரல, கோச்சுக்காதீங்க. எங்க வூட்லயும் ஜுரம். உங்க பாக்கியம் டீச்சர் போய்ட்டாங்க. முந்தாநேத்தே மண்ணு குடுத்தாச்சு."

"பக்கத்துல யாரு இருந்தாங்க பாய்?"

"அது தெரியலம்மா. சர்ச்சுல கூட்டம் கூடக் கூடாதுன்னு உத்தரவாம். தூக்கறதுக்குக்கூட ஆளு கெடைக்காம பேஜாராயிடுச்சாம்."

வண்டி போன பிறகும் நான் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தேன்.

இந்த விஷக்காய்ச்சல் காலத்தில் பாக்கியம் அக்காவுக்கு ஆராதனையோ அஞ்சலிக் கூட்டமோ நடக்கவில்லை. ஆகவே அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும், அவரிடம் தையல் கற்ற பெண்களுக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு அடுத்த பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கும் நான் அறிந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

கன்டோன்மென்ட் பெண்கள் பள்ளியில் அவர் தையல் ஆசிரியை. நான் கணக்கு ஆசிரியை. அவரைப்போல் பயந்த மனுஷியை நான் கண்டதில்லை. இடி இடித்தால் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் மேசைக்கடியில் போய்விடுவார். ஒருநாள் அவர் பள்ளிக்கே வரவில்லை. மறுநாள் தலைமையாசிரியை காரணம் கேட்டதற்கு, "சந்துல மாடு நின்னுச்சு மேடம், திரும்பிப் போய்ட்டேன்" என்றார். ஆசிரியைகள் அறை முழுவதும் சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, "கொம்பு இருந்துச்சு, நீங்க யாரும் பாக்கலயே" என்றார்.

அப்படி இருக்கையில்தான், இருபது வருஷத்துக்கு முன்னால், ஊருக்குள் பிளேக் வந்தது.

அந்த மாதங்களை இளையவர்களுக்கு எப்படிச் சொல்வது? ஓட்டுக் கூரையிலிருந்து எலி விழும் சத்தம் கேட்டால் வீட்டோடு எழுந்து தெருவுக்கு ஓடினோம். காய்ச்சல் கண்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குப் பதிலாகப் பத்தாயத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்தார்கள். சோதனைக்காரர்கள் வந்தால் நோயாளியைத் தூக்கிச் செல்வார்கள்; உடன் இருந்தவர்களை ஊருக்கு வெளியே மைதானத்தில் போட்டிருந்த முகாமுக்கு ஏற்றுவார்கள்; வெயில் உள்ளே இறங்கட்டும் என்று வீட்டின் ஓட்டைப் பிரித்துவிடுவார்கள். கூரை பிரிந்த வீடுகளின் வரிசையில் நடந்துபோவது வாய் பிளந்த பிணங்களுக்கு நடுவே போவதுபோல் இருக்கும்.

என் கணவர் சாமுவேல் ரயில்வே சரக்குக் கொட்டகையில் குமாஸ்தா. கிறிஸ்துமஸ் நெருங்கிய ஒரு பகலில், கண் சிவந்து, தள்ளாடிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அக்குளில் கட்டி. எங்கள் தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்ட ஓசை இன்றும் என் காதில் இருக்கிறது. நேற்றுவரை உப்பும் புளியும் கடன் கேட்டு வந்தவர்கள் ஜன்னலைக்கூடத் திறக்கவில்லை. அவர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை; அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். என் மகள் கிரேஸ் கைக்குழந்தை. அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவரை எப்படித் தொடுவது, தொட்ட கையால் இவளை எப்படித் தூக்குவது என்று தெரியாமல் நடுக்கூடத்தில் நின்றேன்.

மறுநாள் மத்தியானம் பாக்கியம் அக்கா வந்தார். கையில் கஞ்சித் தூக்கு. நிலைப்படிக்கு வெளியே நின்றுவிட்டார். தூக்கின் மூடி கடகடவென்று ஆடியது. போய்விடுவார் என்றே நினைத்தேன். வெகுநேரம் அப்படியே நின்றார். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு, குளிர்ந்த தண்ணீரில் இறங்குகிறவர்போல் ஒரு காலை உள்ளே வைத்தார். அன்று மாலைவரை, வாந்தி எடுத்த என் கணவரின் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தார்.

அவர் வீடு திரும்பிய மறுநாள் காலையில் சோதனைக்காரர்கள் வந்துவிட்டார்கள். சாமுவேலை நோயாளிகள் கொட்டகைக்கும், என்னையும் குழந்தையையும் முகாமுக்கும் கொண்டுபோனார்கள். அக்கா எங்கள் வீட்டுக்கு வந்துபோனது யாருக்கும் தெரியாது. நான் சொல்லவில்லை.

அவரே சொன்னார். அன்றைக்கே, ஒரு பாயும் தகரப் பெட்டியுமாக முகாம் வாசலுக்கு நடந்து வந்தார். நான் மூங்கில் தட்டிக்கு உள்ளே இருந்து பார்த்தேன். முகாம் டாக்டர் நல்ல மனிதர். தூக்கமில்லாமல் கண் வீங்கியிருந்தார்.

"அந்த வூட்ல நானும் இருந்தேன் சார். அவர் தலையைத் தொட்டேன்."

"உங்க பேரை யாரும் குடுக்கலியே அம்மா."

"நானே குடுக்கிறேன்."

"உதவி பண்ணணும்னா பகல்ல வந்து பண்ணிட்டு சாயந்திரம் வூட்டுக்குப் போங்க. சர்ச்சுக்காரங்க சில பேர் அப்படித்தான் வர்றாங்க. உள்ள சேர்ந்துட்டா நான் வெளிய விட முடியாது. ஜுரம் வந்தா அந்தக் கொட்டாய்தான். புரியுதா?"

"புரியுது சார். அதான் பயமா இருக்கு" என்றார் அக்கா. பிறகு உள்ளே வந்தார்.

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. "பைத்தியமாக்கா உங்களுக்கு? தப்பிச்சுட்டீங்கல்ல, ஏன் வந்தீங்க?" என்று கத்தினேன். அவர் பாயை என் பாய்க்குப் பக்கத்தில் விரித்தார். "வையி, நல்லா வையி. நீ இங்க தனியா உக்காந்திருக்கிறத நெனச்சா வூட்ல சோறு எறங்கலடி ரூத்து" என்றார்.

முகாமின் காலைகள் கொடியவை. விடிந்ததும் எல்லோரும் வரிசையாக நிற்க வேண்டும். டாக்டர் கழுத்தையும் அக்குளையும் தொட்டுப் பார்த்து வருவார். அவர் கை ஓரிடத்தில் சற்று நின்றால் வரிசை முழுவதும் மூச்சை அடக்கும். அங்கே நின்ற ஒவ்வொருவரும் உள்ளூர ஒன்றையே வேண்டினோம்: நான் இல்லை, பக்கத்தில் நிற்பவர். எடுத்துச் செல்லப்பட்டவர்கள் மூங்கில் வேலிக்கு அப்பால் இருந்த நீண்ட கொட்டகைக்குப் போனார்கள். அதற்கும் அப்பால் சுண்ணாம்பு மூட்டைகள் அடுக்கியிருந்தன. அவை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

கிறிஸ்துமஸ் அங்கேயே வந்தது. முகாமில் இருந்த கிறிஸ்தவர்கள் சிலர் கூடி மெல்லப் பாடினோம். பாட்டு முடிந்ததும், மகனை வேலிக்கு அப்பால் பறிகொடுத்திருந்த முனியம்மா என்ற பூக்காரி, பாக்கியம் அக்காவிடம் வந்து உட்கார்ந்தாள்.

"ஏம்மா, உங்க சாமி மாட்டுக் கொட்டாய்ல பொறந்தாருன்றீங்க. சாமிக்கு வேற எடமா கெடைக்கல?"

"எல்லாமே அவரு எடந்தான் முனிம்மா. விட்டுட்டு வந்தாரு."

"வந்து பாத்துட்டுப் போயிருக்கலாமே? எங்க சாமிங்கல்லாம் தேரு மேல வந்து பாத்துட்டுத் திரும்பிப் போகும்."

"பாத்துட்டுப் போறவங்கதான் இங்கயும் தெனம் வர்றாங்களே. அவங்க பூட்ஸ் சத்தம் கேட்டா உனக்குத் தைரியம் வருதா?"

முனியம்மா இல்லையென்று தலையசைத்தாள். சிறிது யோசித்துவிட்டு, "அப்ப உங்க சாமி எப்படித் திரும்பிப் போச்சு?" என்று கேட்டாள்.

"நாம போற வழியாத்தான். செத்துத்தான். வேற வழி ஒண்ணும் வெச்சுக்காம வந்தாரு. தன்னையே குடுக்க வந்தவரு வழிச்செலவுக்குன்னு கொஞ்சம் எடுத்து வெச்சுப்பாரா?"

முனியம்மா புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். அக்கா அவள் முதுகில் கை வைத்தார். எத்தனையோ கிறிஸ்துமஸ் பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறேன்; தேவன் மனிதனானார் என்பதன் பொருள் என் வயிற்றில் இறங்கியது அன்றுதான்.

அன்று மாலை, வேலிக்கு அப்பாலிருந்து ஒரு வார்டுபாய் வந்து, சாமுவேல் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பதாகச் சொன்னான். நான் எழுந்தேன். கைக்குழந்தைக்காரி அங்கே போகக் கூடாது என்று டாக்டர் தடுத்தார். குழந்தையைக் கீழே விடவும் முடியாமல், போகாமல் இருக்கவும் முடியாமல் நான் அலறினேன். பாக்கியம் அக்கா டாக்டரிடம், "நான் போறேன்" என்றார். இந்த முறை அவர் குரலே வெளிவரவில்லை. உதட்டசைவைப் பார்த்துத்தான் டாக்டர் புரிந்துகொண்டார். "போனா இந்தப் பக்கம் வர முடியாதும்மா" என்றார். அக்கா தலையை ஆட்டினார். வேலியின் படல் அருகே போனதும் அவர் நின்றுவிட்டார். வார்டுபாய் கைகொடுத்தான். அவன் தோளைப் பிடித்துக்கொண்டே போனார்.

அதன் பிறகு தினமும் வெயில் ஏறியதும் அவர் வேலியோரம் வந்து நின்று எட்ட இருந்தே சொல்வார். "தண்ணி குடிச்சாரு." "உன்ன விசாரிச்சாரு." "கிரேஸுக்குப் பல்லு மொளச்சுதான்னு கேட்டாரு." நான் குழந்தையைத் தூக்கிக் காட்டி, "மொளச்சுதுன்னு சொல்லுங்க" என்று கத்துவேன். அப்போது முளைத்திருக்கவில்லை. ஒருநாள் அவர் வந்தார். தரையில் உட்கார்ந்துவிட்டார். வேலிக்கு இந்தப் பக்கம் நானும் உட்கார்ந்தேன். பிறகு, "என் கையைத்தான் புடிச்சுட்டிருந்தாரு. உன் கைன்னு நெனச்சாரு. நானும் மாத்திச் சொல்லல" என்றார்.

கணவரை அடக்கம் செய்த இடத்தை நான் பார்க்கவில்லை. அக்காதான் பார்த்தார். அதற்கடுத்து அவருக்கே காய்ச்சல் கண்டது. கழுத்தில் கட்டி. பிழைக்க மாட்டார் என்று டாக்டரே சொன்னார். கட்டி உடைந்து, எப்படியோ பிழைத்தார். எனக்கும் குழந்தைக்கும் ஒன்றும் வரவில்லை. அக்காவின் கழுத்து மட்டும் அதன் பிறகு நேராகவே இல்லை. அவர் எல்லோரையும் ஒருக்களித்துப் பார்ப்பதைக் கர்வம் என்று சிலர் நினைத்திருப்பீர்கள். அது அந்தக் கொட்டகையில் அவர் கொடுத்தது.

அவருடைய பயமும் போய்விடவில்லை, இரட்டிப்பாயிற்று. மூடிய அறையில் அவரால் உட்கார முடியாது. செத்த எலியைக் கண்டால் மயங்கி விழுவார்.

சில வருஷங்களுக்குப் பின் ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனையில், புதிதாக வந்த போதகர் யாரிடமோ இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "நம் சபையின் பயமறியாத வீராங்கனை" என்று அவரைக் குறித்துப் பிரசங்கித்தார். அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று. ஆராதனை முடிந்ததும் நேரே போதகரிடம் போனார்.

"ஐயா, நான் பயந்தேன்னு சொல்லுங்க. பயப்படாம போனேன்னு சொன்னீங்கன்னா, பயப்படறவங்க ஒருத்தரும் எங்கயும் போக மாட்டாங்க."

போதகர் சங்கடத்தோடு, "உங்களை உயர்த்தித்தானே அம்மா சொன்னேன்" என்றார்.

"ஆண்டவருக்கே சிலுவைக்கு முந்தின ராத்திரி அந்தத் தோட்டத்துல வேர்த்துக் கொட்டுச்சே ஐயா. மகிமையை விட்டாரு, சிங்காசனத்தை விட்டாருன்னு சொல்றீங்க. பயமில்லாம இருக்கிற சுகத்தையும் விட்டுட்டு வந்தாரே, அத மட்டும் ஏன் சொல்ல மாட்டேங்கறீங்க?"

அடுத்த வருஷம் அதையே போதகர் பிரசங்கித்தார் என்பதை அவர் நேர்மைக்காகச் சொல்ல வேண்டும்.

அக்காவை நான் கடைசியாகப் பார்த்தது இந்தக் காய்ச்சல் தொடங்கிய நாட்களில். கிரேஸ் கன்டோன்மென்ட் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். காய்ச்சல் வார்டுக்கு ஆள் வேண்டும் என்றதும் தானாகப் பெயர் கொடுத்துவிட்டாள். நான் அத்திபெலேயிலிருந்து மாட்டுவண்டி பிடித்து ஓடினேன். மகளிடம் போவதற்கு முன் அக்காவிடம் போனேன்.

"நீங்க சொன்னா கேப்பாக்கா. வேணாம்னு சொல்லுங்க. எனக்கு இவ ஒருத்திதான்."

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. "எனக்கும் பயமாத்தான் இருக்கு ரூத்து" என்றார். பிறகு சொன்னார்: "இத்தன வருஷமும் வந்தவரைப் பத்தியே பேசிட்டிருந்தேன். மகனை அனுப்பினவருக்கு எப்படி இருந்திருக்கும்னு ஒருநாளும் நெனச்சதில்ல. உன் மூஞ்சியப் பாத்தப்புறந்தான் தெரியுது."

கிரேஸைப் பார்த்தேன். கஷாயப் பொடியும் இரண்டு புடவைகளும் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லாமலே திரும்பினேன்.

உசேன் பாய்க்குத் தெரியாததைப் பிறகு கேள்விப்பட்டேன். பாக்கியம் அக்காவை அந்த வார்டில்தான் சேர்த்திருக்கிறார்கள். அவர் பயந்திருக்கிறார், கதவைத் திறந்தே வைக்கச் சொல்லியிருக்கிறார். கிரேஸ்தான் பக்கத்தில் இருந்திருக்கிறாள், கடைசிவரை.

கிரேஸ் இன்னும் வீடு திரும்பவில்லை. கன்டோன்மென்ட் பக்கத்திலிருந்து வரும் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் என் உடம்பு விறைக்கிறது. வந்துவிடு என்று ஒரு வார்த்தை சொல்லியனுப்பினால் வந்துவிடுவாள். பெற்றவள் சொல்லைத் தட்டாதவள். அந்த வார்த்தை தினமும் என் வாய்வரை வருகிறது. இன்றைக்கும் சொல்லியனுப்பவில்லை. பாக்கியம் அக்காவிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது அதுதான்.