வலிக்கல என்று சொன்னேன்

முதல் முடி மோவாய்க்கு அடியில், இடது பக்கம் வந்தது. இரண்டாவது பிள்ளை பிறந்து தங்காமல் போன வருஷம் அது. நகத்தால் கிள்ளி எறிந்தேன். தேயிலைக் கொழுந்து கிள்ளிப் பழகிய விரலுக்கு அது ஒரு வேலையா? ஆறு மாதத்தில் கிள்ளித் தீராத அளவுக்கு வந்துவிட்டது. என் வீட்டுக்காரரின் சவர பிளேடை எடுத்து, நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் தண்ணீர் விழுகிற பீலியடியில் வழித்துக்கொண்டு மலைக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தேன்.

பெண்ணுக்கு முகத்தில் முடி வருவதை யாரும் வெளியே சொல்வதில்லை. அதை எடுக்கப் போய் முகம் வெந்துபோனதை அறவே சொல்வதில்லை. எங்கேயோ ஒருத்தி இப்போது கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருப்பாள். அவளுக்காக எழுதுகிறேன். மூன்றாம் வகுப்பு வரை படித்த கை இது, மெதுவாகத்தான் எழுதும்.

மலையில் பேச்சு இருந்தது. “ஏக்கா, கங்காணிக்கு வயசாயிருச்சு. மீச இருக்கிற ஆளாத்தான் தேடுறாங்களாம்” என்றாள் பக்கத்து நிரையில் கொழுந்தெடுத்த ஒருத்தி.

“நான் கங்காணியா வந்தா ஒனக்குத் தெனமும் அரைநாள் சம்பளந்தான்டி” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதெல்லாம் என்னை ஒன்றும் செய்யவில்லை.

செய்தது என் மகள் புஷ்பாவின் கை. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. எது வேண்டுமென்றாலும் என் மோவாயைப் பிடித்துக்கொண்டுதான் கேட்பாள். ஒரு நாள் அப்படிப் பிடித்த கையைச் சட்டென்று எடுத்துப் பாவாடையில் துடைத்தாள்.

“குத்துதும்மா. அப்பாவோடது மாதிரி இருக்கு.”

அதற்குப் பிறகு அவள் என் மோவாயைப் பிடிக்கவில்லை. கேட்பதை அப்பாவிடம் போய்க் கேட்டாள்.

அந்தச் சமயத்தில் எனக்குத் தோட்டத்தை நடத்துகிற துரையின் பங்களாவில் ஆயா வேலை கிடைத்திருந்தது. துரையின் மனைவி, நாங்கள் துரைசாணி என்போம், சிங்களப் பெண். நல்ல மனசு. என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு நாள் அவரே பேச்சை எடுத்தார். “லெச்சுமி, வெக்கப்பட வேணாம். நுவரெலியாவில என் சிநேகிதி நோனா ஒரு மெஷின் கொண்டாந்திருக்கு. வேர் செத்துப் போகும். திரும்ப வராது.”

நோனா (சிங்களத்தில் சீமாட்டி) அந்த வேலையை அப்போதுதான் படித்துவிட்டு வந்திருந்தார். கை பழக ஒரு முகம் வேண்டியிருந்தது. அதனால் எனக்குச் சும்மா செய்வதாகப் பேச்சு. துரைசாணி அதை மறைக்கவில்லை. நான்தான் அதை யோசித்துப் பார்க்கவில்லை.

அதற்கு எலக்ட்ரோலிசிஸ் (மயிர்க்காலுக்குள் மெல்லிய ஊசியை விட்டு, மின்சாரத்தால் வேரை அழிப்பது) என்று பெயர். ஒரு முடிக்கு ஒரு ஊசிக் குத்து. ஊசி இறங்கியதும் நோனா சிங்களத்தில் “ரிதெனவாத?” என்பார். வலிக்கிறதா என்று அர்த்தம்.

“இல்லீங்க நோனா, வலிக்கல.”

பொய். கொதிக்கிற எண்ணெய் தெறித்தது போல இருந்தது. எங்கள் வீட்டில் வலிக்கிறது என்று சொல்லிப் பழக்கமில்லை. பிள்ளை பெறும்போதுகூட நான் கத்தவில்லை என்று மருத்துவச்சி லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அந்தப் பெயரை நான் நுவரெலியாவில் ஒரு நாற்காலியில் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். நான் வலிக்கல என்றதும் நோனா மெஷினின் குமிழைக் கொஞ்சம் திருகுவார். மறுபடி கேட்பார். மறுபடி வலிக்கல என்பேன். இடம் விடாமல் அடுத்தடுத்த முடிக்குப் போனார்.

புண் ஆற ஒரு மாதமாகும், பிறகு வா என்றுதான் நோனா சொன்னார். ஆனால் புஷ்பாவின் பள்ளிக்கூடத்தில் இரண்டு வாரத்தில் பரிசளிப்பு. கையெழுத்துக்கு அவளுக்குத்தான் முதல் பரிசு. “அப்பா மட்டும் வரட்டும்மா” என்று சொல்லியிருந்தாள். முகத்தைச் சுத்தமாக்கிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம்.

அடுத்த வாரமே துரைசாணியின் காரில் ஏறிவிட்டேன். புண்ணில் கட்டியிருந்த பொருக்கை வெந்நீரில் நனைத்து உரித்துவிட்டு, மேலே பவுடர் பூசியிருந்தேன். நோனா கண்ணாடிவில்லையை வைத்துப் பார்த்து யோசித்தார்.

“என் தோலு தடிச்ச தோலுங்க நோனா. மழையும் வெயிலும் பட்டது” என்றேன். துரைசாணி அதைச் சிங்களத்தில் சொல்ல, மூவரும் சிரித்தோம். நோனா சுட்ட இடத்திலேயே மறுபடி சுட்டார்.

மூன்றாம் நாள் மோவாய் வீங்கிச் சீழ் வைத்தது. தோட்டத்து மருந்துக்காரர் ஐயா ஊதா மருந்தைத் தடவிவிட்டார். பரிசளிப்பு நாள் வந்தபோது என் முகத்தில் பாதி ஊதாவாக இருந்தது. புஷ்பா இரட்டைப் பின்னல் போட்டு வாசலில் நின்றாள். அப்பாவும் மகளும் போய்விட்டு வாங்க என்று நானே சொல்லிவிட்டேன். சாயந்தரம் வந்து, பரிசாகக் கிடைத்த கலர் பென்சில் பெட்டியை என் மடியில் வைத்தாள்.

காய்ச்சல் விடாததால் கண்டிக்குப் போனோம். தோல் டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கறண்ட் கூடிப் போச்சுது. தோலின்ரை அடி வரைக்கும் வெந்திருக்கு. சுடேக்குள்ள நொந்திருக்குமே அம்மா, ஏன் சொல்லேல்லை?”

என் வீட்டுக்காரர்தான் பதில் சொன்னார். “மலையையே சொமந்தவங்க, ஒரு ஊசியச் சொல்ல வாய் வரலீங்க.” அவர் கோபமாகத்தான் சொன்னார். கண் கலங்கியிருந்தது.

சீழ் அடங்க ஒரு மாதம் பிடித்தது. பிறகு சின்னச் சின்னப் பள்ளங்கள் விழுந்தன. பள்ளங்களுக்கு நடுவே தோல் மேடு கட்டியது. கெலாய்டு (காயத்தின் எல்லையைத் தாண்டித் தடித்து வளர்கிற தழும்பு) என்றார் டாக்டர். தழும்புக்குள்ளேயே ஊசி போட்டார். இந்த முறை வலிக்குதுங்க என்று சொன்னேன். உடனே நிறுத்தி, கொஞ்ச நேரம் விட்டுப் போட்டார். அவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்திருக்கிறது.

முடி முழுவதும் போகவில்லை. பள்ளத்துக்குள்ளிருந்து அங்கங்கே திரும்ப முளைத்தது. மேடுபள்ளத்தில் பிளேடும் போகாது. உடம்புக்குள் சுரக்கிற நீரில் கோளாறு இருந்தால் இப்படி வளரும், அதைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். பிள்ளை தங்காமல் போனதைச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

களிம்பு தடவியது புஷ்பாதான். கையால் தொடப் பயந்து, கழுவிக் காயவைத்த கோழி இறகில் தொட்டுத் தடவுவாள். “கண்ண மூடிக்கங்கம்மா” என்பாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு தடவுவாள். புண் ஆறிய பிறகும் இறகை விடவில்லை. நானும் கையால் தடவு என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அந்த இடம் மரத்துவிட்டது. கொசு உட்கார்ந்தால் தெரியாது. சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தால் தெரியாது. விரலால் தொட்டால் விரலுக்கு முகம் தெரிகிறது, முகத்துக்கு விரல் தெரிவதில்லை. பனிக்காலத்தில் மட்டும் தழும்பு இழுத்துப் பிடிக்கும். இப்போது கன்னமெல்லாம் சுருங்கிவிட்டது. தழும்பு சுருங்கவில்லை. அந்த இடத்துக்கு மட்டும் இன்னும் முப்பத்துமூன்று வயதுதான்.

ஊசி வைக்கிறவர் வலிக்கிறதா என்று கேட்டால், உள்ளதைச் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். பொருக்கு தானாக விழட்டும். இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது.

புஷ்பாவுக்குப் பத்தொன்பது வயதில் கல்யாணமானது. மாப்பிள்ளை வீட்டாருக்கு இந்தியாவுக்கே குடிபெயரப் பாஸ்போர்ட் வந்திருந்தது. அடுத்த வருஷமே புறப்பட்டார்கள். தலவாக்கலை ஸ்டேஷனில் எல்லோரும் கட்டிப் பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். நான் அழவில்லை.

ரயில் ஜன்னல் வழியாக அவள் கையை நீட்டினாள். பதினொரு வருஷத்துக்குப் பிறகு என் மோவாயைப் பிடித்தாள்.

“ஒடம்பப் பாத்துக்கங்கம்மா. கடிதம் போடுங்க, கோணலா இருந்தாலும் பரவால்ல.” பிறகு, “வலிக்குதாம்மா?” என்றாள்.

“வலிக்கலடா.”

அந்த ஒரு தடவை அது பொய்யில்லை. வலியும் இல்லை, அவள் கையும் இல்லை. அவள் பிடித்திருக்கிறாள் என்பதையே கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அப்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் பார்க்கக் கூடாது என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

திறந்தபோது ரயில் நகர்ந்திருந்தது. அவள் கையை எப்போது எடுத்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.